கோவளத்துக் கரையிலிருந்து துபாய்க்கு

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கோவளம் கார்மேல் மாதா ஆலயத்தை அடுத்த கடற்கரையில் ஓர் இளந்தம்பதியரைச் சந்தித்தேன். கணவருக்குத் துபாயில் வேலை. "குழந்தையை விட்டுப் போக மனம் வரவில்லை, சாமி" என்றார். அழைத்துச் செல்வதே நன்று என்பது என் துணிபு. தந்தையின் குரலை மட்டும் அறிந்து வளரும் பிள்ளைகளை நம் பங்குகளில் காண்கிறோம் அல்லவா?

ஆயினும், குடும்பத்தை வருவிக்க மாத ஊதியம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமுடன் உறைவிடம் வேண்டும். திருமணச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் ஆகியவற்றின் சான்றொப்பமும் தேவை. நம்மவர் தடுமாறுவது இங்கேதான்: கோவில் பதிவேட்டில் 'சூசை', கடவுச்சீட்டில் 'ஜோசப்'! பயணச்சீட்டு வாங்கும் முன்னரே பங்குத்தந்தையிடம் வாருங்கள்.

கணவர் முன்சென்று வீடு பார்க்கட்டும். மனைவியும் குழந்தையும் நவம்பரில் செல்லலாம். ஜூலை, ஆகஸ்டில் அங்கு வெப்பம் 45 பாகையைத் தாண்டும். செங்கல்பட்டின் கத்திரி வெயிலைக் கண்டவர்க்கும் அது புதிது. 1967இல் திறக்கப்பட்ட தூய மரியன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலியும் உண்டு.

அதுவரை பேசாதிருந்த மனைவி, "அங்கே கடல் இருக்கிறதா, சாமி?" என்றார். இருக்கிறது, அம்மா, நம் கடலைப்போல் இரையாது.