கட்டமும் கலைந்த கொம்பும்

கணினித் திரையிலே தமிழ் சிதைந்து தோன்றுமிடத்து முதற்பழி உலாவியின் மீதே விழுகின்றது. கண்முன் நிற்பது அதுவொன்றே ஆதலின் இது வியப்பன்று. ஆயின் நோயையும் நோய்க்குறியையும் பிரித்தறியாது மருந்திடுபவனுக்கும், உலாவியை அழித்து மீண்டும் மீண்டும் நிறுவிக்கொண்டிருப்பவனுக்கும் பெரிய வேறுபாடில்லை.

ஊர்காவற்றுறையிலே, யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் இயங்குதளம் கொண்ட பழங்கணினி ஒன்றின் முன் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அயலிலுள்ள கரம்பொன்னில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரைப் பற்றி அவள் தேடுகின்றாள். வத்திக்கான் நூலகத்திற் கிடந்த, 1679 ஆம் ஆண்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்து 1966 இல் மீள வெளியிட்டவர் அவர். மறைந்து கிடந்த தமிழை வெளிக்கொணர்ந்த அவரைப் பற்றிய பக்கமே திரையில் தமிழாகத் தெரியவில்லை. கணினியைச் சுமந்துகொண்டு பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லுமுன், 'தெரியவில்லை' என்பது எவ்வாறு தெரியவில்லை என அவள் நோக்குதல் வேண்டும்.

எழுத்துக்குரிய இடமெல்லாம் வெறுங்கட்டங்களாக நிற்குமாயின் எழுத்துரு இல்லை என்பது பொருள். 'எப்.சி. லிஸ்ட்' என்னும் கட்டளையைத் தமிழ்மொழிக்கெனக் குறித்து இட்டால், கணினியிலுள்ள தமிழ் எழுத்துருக்களின் பட்டியல் வரும். ஒன்றும் வராவிடின் லோகித் தமிழ் போன்றதொன்றை நிறுவ, வேலை முடிந்தது. தலைக்கோடு சாய்ந்த ஆங்கில ஏயும், வட்டத்துள் அடைபட்ட ஆரும் வரிதோறும் மாறிமாறி வருமாயின் கதை வேறு. யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியும் யு.டி.எப்.-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றது. பக்கம் தன் குறிமுறையைச் சொல்லாது விடவே, உலாவி அம்மூன்றையும் மேனாட்டு எழுத்துக்களாகத் தனித்தனியே வாசிக்கின்றது. குற்றம் பக்கத்தை ஆக்கியோனுடையது.

உலாவியே குற்றவாளியாக நின்ற காலமும் உண்டு. 'கெ' என்பதைத் தட்டச்சுப்பொறியில் அடிப்போர் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அடிப்பர். யூனிகோட்டிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னே கொணர்தல் மென்பொருளின் கடன். லினக்ஸிலே 2008 இல் வந்த பயர்பொக்ஸ் 3 க்கு முந்திய பதிப்புகள் பலவற்றில் இக்கடன் சரிவர நிறைவேறவில்லை. கொம்பு எழுத்தின் பின்னே தனித்துத் தொங்கிற்று. இக்காலத்து உலாவிகளில் இக்குறை நீங்கிவிட்டது.

எஞ்சிய ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. பயர்பொக்ஸ் தன் அமைப்புகளை வீட்டு அடைவினுள் மறைந்திருக்கும் கோப்புறையொன்றில் வைக்கின்றது. அதனை அழித்தலாகாது, அழிப்போர் தம் குறிப்பேடுகளையும் கடவுச்சொற்களையும் இழந்து வருந்துவர். உலாவியை மூடிவிட்டுக் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றித் திறந்தால் புத்தமைப்பு ஒன்று தானே உருவாகும். கோளாறு அதிலும் தொடருமாயின், பழைய அமைப்பு குற்றமற்றது. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் இதன் இரகசியம்; நான்கை ஒருங்கே மாற்றியவனுக்கு எது மருந்தாயிற்று என்பது விளங்காது.

இவற்றுள் எதனாலும் தீராத வகையொன்று உண்டு. நம்மவர் பலர் அதனை நோயென்றே எண்ணாமையால் அதுவே கொடியது. பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட பக்கத்திலே 'தமிழ்' என்னும் சொல் தமிழாகச் சேமிக்கப்படவில்லை. ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கின்றது. பாமினி இல்லாத கணினியில் உலாவி அவற்றை அவ்வாறே காட்டுதல் பிழையன்று, நேர்மை. மாணவி பாமினியைத் தேடி நிறுவினால் பக்கம் வாசிக்கக் கிடைக்கும். ஆயினும் அதே பக்கத்தில் 'தனிநாயகம்' எனத் தேடினால் அப்பெயர் அங்கில்லை என்றே உலாவி விடை கூறும். தேடுபொறிகளுக்கும் அப்பக்கம் தமிழன்று. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இவ்வாறு தட்டச்சான ஊர் வரலாறுகளும் நினைவு மலர்களும், எழுதப்பட்டிருந்தும் தேடுவார்க்கு எழுதப்படாதனவாகின்றன.

தளத்தை ஆக்கியோர் அதனை மறந்திருக்கவுங்கூடும். எனவே மாணவி பாடத்தைப் படியெடுத்து யூனிகோட்டுக்கு மாற்றித் தன்னிடமேனும் வைத்துக்கொள்ளலாம். அதற்கான மாற்றிகள் உள. தானே மாற்றுநிரல் எழுத முனைவாளாயின், பாமினி தட்டச்சு ஒழுங்கைப் பின்பற்றுவதை அவள் நினைவிற் கொள்ளவேண்டும். கொம்பை மெய்யின் பின்னே நகர்த்தத் தவறினால், 2008 இன் கலைந்த கொம்பு அவள் திரைக்குத் திரும்பி வந்துவிடும்.