ஜவ்வாது மலைக்குக் குழந்தைகளுடன்

மோட்டார் வண்டியில் மலைப் பிரயாணம் கிளம்பும் குடும்பங்களில், வண்டிக்கு நடக்கும் உபசாரம் குழந்தைகளுக்கு நடப்பதில்லை. சக்கரங்களுக்குக் காற்று அடித்தாயிற்றா, பெட்ரோல் போட்டாயிற்றா என்று வீட்டு எஜமானர் பத்துத் தடவை விசாரிக்கிறார். பின்னால் உட்காரப்போகும் சிறிய ஜீவன்களைப் பற்றியோ, "சத்தம் போடாமல் வந்தால் போதும்" என்பதோடு அவர் கவலை தீர்ந்துவிடுகிறது. அவர்கள் சத்தம் போடாமல் வருவதில்லை. ஊர் எல்லை தாண்டியதும் ஒருவன், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று தொடங்குகிறான். பாதி வழியில் இருவர் ஜன்னலோரத்துக்காக யுத்தம் புரிகிறார்கள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் சின்னவள் வாந்தி எடுக்கிறாள். உடனே வசவு விழுகிறது. நெடுங்காலமாகப் பிள்ளைகளோடு பழகிவரும் உபாத்தியாயன் என்ற முறையில், அவர்களுடைய கட்சியை எடுத்துப் பேச விரும்புகிறேன்.

வாந்தி குறும்பு அல்ல. உடலின் அசைவையும் சாய்வையும் அறியும் நுண்ணிய உறுப்பு ஒன்று காதின் உட்புறத்தில் இருக்கிறது. வண்டி வளைந்து திரும்பும்போது, "நாம் சுழல்கிறோம்" என்று அது மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மடியில் உள்ள படப் புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்களோ, "எதுவும் அசையவில்லை" என்று சாட்சி சொல்கின்றன. சாட்சிகள் முரண்படுவதால் மூளை தடுமாறுகிறது. வயிறு தண்டனை அனுபவிக்கிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையில் இந்தத் தொல்லை மிகுதி. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு இது அநேகமாய் வருவதேயில்லை. அவர் கண் சாலையில் இருக்கிறது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. வைத்தியம், விளையாட்டு இரண்டும் இந்த உண்மைக்குள் அடங்கியிருக்கின்றன. குழந்தையின் கண்ணை மடியிலிருந்து எடுத்துச் சாலையில் வைக்க வேண்டும். பிரயாணத்தில் அதற்கும் ஓர் உத்தியோகம் கொடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்குச் செல்லும் வழியையே உதாரணமாகக் கொள்வோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை தேசிய நெடுஞ்சாலை, அப்பால் ஆலங்காயம், அங்கிருந்து மலையேறிக் காவலூர், ஜமுனாமரத்தூர். மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. மூத்த பையனைக் கல் கணக்குப்பிள்ளையாக நியமியுங்கள். சாலையோரக் கல்லின் தலை மஞ்சளாயிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாயிருந்தால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் எங்கே மாறுகிறது என்று கண்டு சொல்வது அவன் பொறுப்பு. "எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கும் இனி அவனே பதில் சொல்வான்!

வழியில் பாலாற்றைக் கடக்கிறோம். வருஷத்தில் பெரும்பகுதி அங்கே மணல்தான். "ஆறு எங்கே?" என்று குழந்தை கேட்கும். நாம் போகும் ஜவ்வாது மலையில்தான் செய்யாறு பிறக்கிறது, அது ஓடிவந்து திருமுக்கூடலில் இந்தப் பாலாற்றோடு கலக்கிறது என்று சொல்லுங்கள். ஆற்றின் பிறப்பிடத்தைத் தேடிப் போகிறோம் என்ற எண்ணமே பாதி உற்சாகம் தரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் குழந்தைகளை ஓடவிடுவது அவசியம். வேலூர்க் கோட்டையின் அகழிக் கரை அதற்கு ஏற்ற இடம். 1806-ம் வருஷம் ஜூலை 10-ம் தேதி விடியுமுன் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த கோட்டை அது என்பதை, அதன் மதில் நிழலிலேயே சொல்லலாம். அங்கே இரண்டு இட்லியோடு ஆகாரத்தை முடித்துக்கொள்வது நலம். எண்ணெய்ப் பலகாரத்தை மலை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலி வயிறும் ஆகாது. பொரியும் தண்ணீரும் கைவசம் இருக்கட்டும். இஞ்சியோ சுக்கோ பலருக்குக் குணம் தருகிறது. மருந்து கொடுப்பதாயின் வைத்தியரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

சாலை நன்றாகத் தெரியும் என்று குழந்தையை முன் ஆசனத்தில் மடிமேல் வைத்துக்கொள்வது ஆபத்து. பின் ஆசனத்தின் நடுவில், முன் கண்ணாடி தெரியும்படி, இடைவாருடன் அமர்த்துங்கள். மிகச் சிறிய குழந்தைக்குத் தனி ஆசனம் வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இத்தகைய பாதுகாப்பின்றி அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் கூறுகிறது. ஆலங்காயம் தாண்டியதும் ஜன்னலைச் சற்றுத் திறந்து மலைக்காற்றை உள்ளே விடுங்கள். இப்போது சின்னவளுக்கு உத்தியோகம்: ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால், "வலம்!", "இடம்!" என்று அறிவிக்க வேண்டும். திருப்பத்தை எதிர்பார்த்திருக்கும் உடம்பு அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.

காவலூரில் குழந்தைகளுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. அங்கே உள்ள வானாய்வு நிலையம் வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. 1986-ல் தொடங்கி வைக்கப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது, அப்பாவைவிடப் பெரியது! இம்மலையிலிருந்து 1988-ல் கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டினார்கள். பார்வையாளரை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாக விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் சாமை விளையும் கொல்லைகளைக் காணலாம். அவை மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்களுடையவை. கேரளத்தாரல்லர், தமிழ் பேசுவோரே. அவர்களிடம் தேனோ புளியோ வாங்கும்போது, "ஐயா", "அம்மா" என்று மரியாதையாகப் பேசக் குழந்தைக்கு அங்கே பழக்கம் உண்டாகட்டும். சாலையில் நடந்து செல்லும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நமக்கு வேடிக்கைப் பொருள் அல்லர்.

இந்த மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதே மலைபடுகடாம் என்னும் சங்க நூல். எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்று அது முன்கூட்டியே சொல்கிறது. அந்தப் புலவர் கூத்தருக்குச் செய்த உபகாரத்தை நாம் நம் குழந்தைகளுக்குச் செய்தால் போதும். வசவும் வாந்தியுமாக மலையேறிய பிள்ளைக்கு மலை என்றாலே வெறுப்பு வந்துவிடும். திருப்பங்களை எண்ணி ஏறிய பிள்ளை, வீடு திரும்பியதும் தேசப்படத்தை விரித்து அடுத்த மலையைத் தேடும். நம் நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் நாளை காக்கவேண்டியவர்கள் அப்பிள்ளைகளே அல்லவா?