துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

நம் வீடுகளில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்கு நல்லெண்ணெய், வயிற்றுக்கு விளக்கெண்ணெய், வாணலிக்குச் செம்பனை எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைப் பெரியவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் மட்டும், "எண்ணெய்தானே, எதைப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

துப்பாக்கிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரும்புச் சாமான் கடையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் கேட்டு அக்காமார் வருவார்கள். சைக்கிள் சங்கிலிக்குக் கிரீஸ் கேட்டு ரயில்வே குடியிருப்புப் பையன்கள் வருவார்கள். காப்பார், பந்திங் பக்கம் சிறு தோட்டம் வைத்து, காட்டுப்பன்றியை விரட்ட உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் வருவார்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. ஆகவே நான் துப்பாக்கியைக் கையில் எடுத்தவனல்லன். எண்ணெயை எடுத்துக் கொடுத்தவன்.

என் அப்பாதான் கையில் எடுத்தவர். 1948 ஜூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை வரை நீடித்தது அல்லவா? அந்த நாளில் தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கானோரை 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' வேலைக்கு எடுத்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா 303 ரைபிளுடன் காவல் நின்றார்.

அவருடன் நின்ற நண்பரை நாங்கள் பெரியப்பா என்று அழைப்போம். ஒரு மாதம் துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துபோக, பெரியப்பா வீட்டிலிருந்த நல்லெண்ணெயை ஊற்றித் துடைத்து வைத்தார். பளபளவென்றுதான் இருந்ததாம். பூஜையறைக் குத்துவிளக்கைப் பாருங்கள். நல்லெண்ணெய் வழிந்த இடம் சில நாளில் பிசுபிசுத்து, பிறகு கறுத்துப் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். காற்றுப் பட்டால் இறுகுவது அந்த எண்ணெயின் குணம். துப்பாக்கியின் உள்ளேயும் அதேதான் நடந்தது. ஓர் இரவு லயத்துப் பக்கம் ஆட்கள் புகுந்தபோது பெரியப்பா விசையை அழுத்தினார். தோட்டாவின் பின்புறத்தை ஓங்கி அடிக்கவேண்டிய ஊசி, பிசினுக்குள் சோம்பலாக நகர்ந்தது. 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. எதிரிலிருந்து வந்த குண்டு அவர் தோளில் பாய்ந்தது. உயிர் தப்பினார். ஆனால் அந்தக் கை அதற்குப்பின் தோளுக்கு மேல் எழவில்லை. பால் வெட்ட முடியாமல் போய்விட்டது.

அன்றிலிருந்து அப்பா துப்பாக்கியைத் துடைப்பதைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் செய்வாராம். சுட்டு முடித்த துப்பாக்கியின் குழலில் முதலில் கொதிநீரை ஊற்றுவார்கள். "இரும்பில் தண்ணீரா?" என்று நான் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்துத் தோட்டாவின் மருந்து எரிந்ததும் ஒருவகை உப்பு குழலில் படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்பின்மேல் எண்ணெயைப் பூசினால், அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கொதிநீர் உப்பைக் கழுவும். சூட்டினால் குழலும் விரைவில் காயும். அதன்பிறகே எண்ணெய். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் இந்த உப்பு இல்லை. ஆனாலும் அழுக்கை எடுக்காமல் எண்ணெய் பூசாதே என்ற பாடம் மாறவில்லை.

எண்ணெய்த் தேர்வு ஓர் ஆட்சியையே ஆட்டிய கதையும் உண்டு. 1857இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்கு என்பீல்ட் ரைபிள் கொடுத்தது. அதன் தோட்டாவைக் கொழுப்புத் தடவிய காகிதத்தில் சுற்றியிருப்பார்கள். அதைப் பல்லால் கடித்துப் பிரிக்கவேண்டும். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்து நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மே 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ச்சி மூண்டது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தீக்குச்சி அந்தக் கொழுப்புத்தான். அடுத்த ஆண்டே கம்பெனியின் ஆட்சி முடிந்தது.

இந்தக் கதை தெரிந்தோ தெரியாமலோ, ஒரு மலாய்ப் பாக்சிக் என்னிடம், "இந்தக் கிரீஸ் எந்தக் கொழுப்பில் செய்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விசாரித்துச் சொன்னேன். கிரீஸ் என்பது எண்ணெயைச் சவர்க்காரத்துக்குள் பிடித்து வைத்த பண்டம். லித்தியம் கிரீஸ் பலவற்றில் அந்தச் சவர்க்காரத்துக்கு மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய்! மனிதர் மகிழ்ச்சியோடு ஒரு டப்பா வாங்கிப்போனார். 'காஸ்ட்ரோல்' என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அதற்காக விளக்கெண்ணெயை நேரே துப்பாக்கியில் ஊற்றிவிடாதீர்கள். அதுவும் நாளடைவில் பிசினாகும்.

கடைக்கு வருபவர்களுக்கு நான் சொன்ன கணக்கு எளிமையானது: எண்ணெய் ஓடும், கிரீஸ் உட்காரும். விசைக்குள் இருக்கும் சின்னச் சின்ன உறுப்புகளுக்கு மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு. இரட்டைக் குழல் துப்பாக்கியை மடக்கும் கீலில் பாரம் அழுத்தித் தேயும். அங்கே எண்ணெய் நிற்காது, ஒரு பொட்டளவு கிரீஸ் வேண்டும். ஊசி ஓடும் பாதையில் கிரீஸ் கூடவே கூடாது. மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். அது காய்ந்து இறுகுவதுதான் மரத்துக்கு நல்லது. அதே எண்ணெய் இரும்புப் பூட்டுக்குள் போனால் எமன். தோட்டாவில் ஒருபோதும் எண்ணெய் படக்கூடாது. உள்ளே கசிந்தால் மருந்து செத்துப்போகும். சுடுவதற்கு முன் குழலை உலரத் துடைத்துவிட வேண்டும்.

டபிள்யூ.டி.40 போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது 1953இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது; ஈரத்தை விரட்டுவதற்கென்றே செய்தது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக அடிக்கலாம். பிறகு துடைத்துவிட்டு முறையான எண்ணெயைப் பூசவேண்டும்.

நம் ஊரோ மழையும் வேர்வையும் உள்ள ஊர். போர்ட் கிள்ளான் பக்கம் கடற்காற்றின் உப்பு வேறு. கைவிரல் ரேகை பட்ட இடமே நாளைக்குத் துருவாகும். தோலுறைக்குள் வைத்துப் பூட்டினால் பத்திரம் என்று நினைக்கிறோம். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பைத் தின்னும். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் கைப்பிடி மரத்தில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டு, அன்று மாலையே துடைத்துவிடுங்கள். தெய்வம் கோபிக்காது.

எந்த எண்ணெயாக இருந்தாலும், தொடுவதற்கு முன் குழலில் தோட்டா இல்லை என்று கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகே புதியதைப் போடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சின்ன டப்பாவைத்தான் எடுத்துக் கொடுத்தேன். முதலாளிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் தோளுக்கு மேல் எழாத ஒரு கையைச் சிறு வயதில் தினமும் பார்த்தவனுக்கு, பெரிய டப்பா விற்க மனம் வரவில்லை.