கையசைவில் விழிக்கும் கணினி

கொட்டாஞ்சேனையில் வாழும் என் நண்பர் ஒருவர் நீண்டகாலம் பத்திரிகையில் ஒப்புநோக்காளராகப் பணியாற்றியவர். பக்கவாதத்தால் அவரது வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எழுதுவார். ஆனால், கணினியின் ஆளி மேசைக்குக் கீழே தரையோடு இருந்தது. குனிய இயலாத அவர், மகன் வேலையால் வரும்வரை காத்திருப்பார். தாம் நினைத்த வேளையில் அல்ல, பிறருக்கு ஓய்வு கிடைத்த வேளையிலேயே எழுதினார்.

வெள்ளவத்தையில் இலத்திரனியல் கருவிகள் திருத்தும் இளைஞர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் தந்த விளக்கம் எனக்குப் புதிது. பழைய கணினிகளில் ஆளியானது மின்சாரத்தையே துண்டித்தது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். அமைப்பை அறிமுகப்படுத்திய பின்னர் நிலைமை மாறியது. கணினியை நிறுத்திய பின்னரும், சுவர் மின்னிணைப்பு இருக்கும்வரை, 5 வோல்ற் மின் உள்ளே விழித்திருக்கிறது. ஆளியை அழுத்தும்போது தாய்ப்பலகையின் இரு முனைகள் கணநேரம் இணைகின்றன; அவ்வளவுதான். அந்த இணைப்பை ஒரு சிறு மின்சுற்றும் செய்யலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய உதிரிகளைக் கொண்டு அவர் அதனைச் செய்தார். மேசை விளிம்பில் ஓர் அகச்சிவப்பு உணரி. கையில் பட்டுத் திரும்பும் கதிரை அது கண்டுகொண்டதும், ரிலே ஒன்று இரு முனைகளையும் இணைக்கும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நான்கு செக்கன்களுக்கு மேல் இணைப்பு நீடித்தால் கணினி வலுக்கட்டாயமாக அணையும். சேமிக்காத எழுத்து அழிந்துவிடும். ஆகவே, கை எவ்வளவு நேரம் நின்றாலும் அரைச் செக்கன் மட்டுமே இணையும்படி, 555 என்னும் சில்லைக் கொண்ட சுற்றொன்றை இடையில் அமைத்தார். எழுதிக்கொண்டிருக்கையில் தவறுதலாகக் கை குறுக்கிட்டாலும் கணினி அணையாதபடி விண்டோஸ் அமைப்பையும் மாற்றினார்.

மின்சாரம் நின்றால் உணரியும் உறங்கிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு அது பெருங்குறையன்று.

இப்போது நண்பர் அதிகாலை நான்கு மணிக்கே எழுத அமர்கிறார். யாரையும் எழுப்பவேண்டியதில்லை என்பதைத்தான் அவர் பெரிதாகச் சொல்கிறார். நோயின் வலியைப் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு, அந்தச் சிறு உதவியை நாள்தோறும் கேட்டு நிற்பது பொறுக்க முடியாததாக இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். விடயம் தெரிந்தவரைக்கொண்டு செய்வியுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவேண்டாம். அதனுள்ளே 230 வோல்ற் மின்சாரம் இருக்கிறது.