இறக்குவதா, விடுவதா?

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபொழுது கல்லூரி நாட்களைப் பற்றியே எழுதுவதென்று எண்ணினேன். எழுத அமர்ந்தாலோ, நினைவு எங்கள் பழைய ஒஸ்ரின் வண்டியிடமே சென்று நிற்கின்றது. பௌதிக வகுப்பிற் கற்ற அமுக்கம் பற்றிய பாடம் பிற்காலத்தில் எனக்கு ஒருமுறைதான் கைகொடுத்தது. அதுவும் அவ்வண்டியின் பொருட்டே. நண்பர்கள் பொறுத்தருள்க.

அது 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்ட ஏ40 சொமர்செற். 1952 முதல் 1954 வரையே அவ்வகை செய்யப்பட்டது. வேறொருவர் ஓட்டிய வண்டியாக அதனை வாங்கிய என் தந்தையார், கிளிநொச்சியில் நெல்மூடையும் நோயாளரும் ஏற்றி ஓட்டினார். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் அருமருந்தாயிற்று. சில துளியைக் காபுரேற்றருட் பீச்சி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவர்வழி இறங்கி, கீழுள்ள எண்ணெயிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். குச்சியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! அறியாதார் மகிழ்வர், எமக்கோ வயிறு கலங்கும்.

2002இல் போர்நிறுத்தம் வந்தது, ஏ9 வீதி திறந்தது, பெற்றோலும் வந்தது. வண்டியோ நாலுபேர் ஏறினால் மூச்சுத் திணறிற்று. பன்னிரண்டு ஆண்டு மண்ணெண்ணெய் குடித்த இயந்திரம் தேய்ந்தே போயிருக்கும் என்பது ஊரார் தீர்ப்பு. நகரத்துக் கராச் ஒன்றிலும், மூடியைத் திறவாமலே அதனையே சொன்னார்கள். இயந்திரத்தை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டனும் றிங்கும் போடவேண்டுமாம். கேட்ட தொகை, மகளைக் கொழும்பிற் கணக்கியல் படிப்பிக்கவென நாங்கள் ஒதுக்கியதற்கு ஏறத்தாழச் சமம். மனைவியார் வங்கிப் புத்தகத்தை என்முன் வைத்துவிட்டு அடுக்களைக்குட் சென்றார்.

தந்தையார் காலத்து முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போனேன்.

"மாஸ்ரர், இறக்கிறது கிடக்கட்டும். முதலிலை அளந்து பாப்பம்" என்றார்.

இயந்திரத்தைச் சூடேற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அமுக்கமானியை ஒவ்வொரு துளையிலும் வைத்துச் சுழற்றினோம். முதலாவதும் நான்காவதும் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலை அணுகின. நடு இரண்டும் 60ஐத் தாண்டவில்லை. பின்னர் துளைதோறும் ஒரு கரண்டி எண்ணெய் வார்த்து மீண்டும் அளந்தார். றிங் தேய்ந்திருப்பின் எண்ணெய் இடைவெளியை அடைக்கும், அமுக்கம் ஏறும். ஓரத்தன இரண்டும் சற்றே ஏறின. நடு இரண்டும் அசையவேயில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்து, எண்ணெய்க்கும் ஏறாவிடின், அவற்றினிடையே ஹெட் கஸ்கெற் எரிந்திருக்கவேண்டும் என்றார் அவர்.

ஹெட்டைக் கழற்றியபொழுது அவ்வாறே இருந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கரிந்ததொரு வாய்க்கால். பிஸ்டனின் மேற்பரப்பிற் பொறித்திருந்த 040 என்னும் எண், சிலிண்டர் முன்னரே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலக் கடையப்பட்டதைக் காட்டிற்று. மறுபடி கடைந்தாற் சுவர் மெலியும். மேல்விளிம்பை நகத்தால் வருடினேன். மெல்லியதொரு படி தட்டுப்பட்டது. தேய்வு இல்லாமலில்லை. இறக்க வேண்டிய தேய்வன்று என்று அவர் சொன்னார், நானும் துணிந்தேன். கஸ்கெற்றை மாற்றி, வால்வுகளை அரைத்துப் பூட்டினோம். வண்டி அதன்பின்னும் கொஞ்சம் எண்ணெய் குடித்தது; குடிக்கட்டும் என்று விட்டேன். மகள் கொழும்புக்குப் போனாள்.

2008 இறுதியில் கிளிநொச்சியை விட்டு, அவ்வண்டியிலேயே முல்லைத்தீவு வீதியாற் கிழக்கே சென்றோம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், புதுக்குடியிருப்புக்கு அப்பால், பெற்றோல் தீர்ந்தது. மூட்டைகளை இறக்கியபின், பழக்கத்தினால் மூடியைத் திறந்து எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தேன். மட்டம் சரியாகவே இருந்தது.