நான்கு கல்

திங்கள், லெகி

சோலோவின் புர்வோசாரி நிலையத்திலிருந்து வோனொகிரிக்குப் போகும் ரயிலுக்குப் பாத்தாரா கிரெஸ்னா என்று பெயர். கிருஷ்ணர்தான். நெடுங்காலமாக ஜாவாவில் குடியிருப்பவர், இப்போது ஒரு குட்டி ரயிலாகவும் ஓடுகிறார். சீட்டு 4,000 ரூபியா. ஸ்லாமெத் ரியாடி சாலையில் தண்டவாளம் தெருவை ஒட்டியே போவதால் ரயில் அங்கே ஊர்ந்துதான் நகரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கூடவே வந்தார். கொஞ்ச நேரத்தில் எங்களை முந்திப் போயும் விட்டார்.

வோனொகிரியில் நாத்தனார் மகன் வண்டியோடு நின்றிருந்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஊருக்குள் சிற்றுந்து ஓடியது. தவணையில் வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தபின் அதற்கு ஆள் சேரவில்லை. இப்போது வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் இரண்டே பேர்: மாமியாரும் நானும்.

ஊர் முனையில் அதே பலகை: விருந்தாளிகள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒன்பது வருஷமாக மருமகள்; இன்னும் கடவுச்சீட்டு நகலோடு பாக் ஆர்.டி. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் வருகிறேன். முப்பது நாற்பது வீட்டுக்கு ஒரு தலைவர் என்ற இந்த ஏற்பாடு போர்க்காலத்தில் ஜப்பானியர் கொண்டுவந்தது. ஜப்பானியர் போய்விட்டார்கள், ஏற்பாடு இருக்கிறது. “நீங்கள் தெரிவிக்காவிட்டாலும் எனக்குத் தெரியும். சந்திலேயே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்” என்றார் அவர்.

செவ்வாய், பஹிங்

இங்கே ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் சேர்ந்து ஓடுகிறது: லெகி, பஹிங், போன், வாகே, க்ளிவோன். எங்கள் சந்தை பஹிங்கில். காலையில் தெம்பேயும் மரவள்ளி கிழங்கும் வாங்கி வருவதற்குள் பக்கத்து வீட்டின் கூரை பாதி காணாமல் போயிருந்தது.

அது நல்ல ஜோக்லோ வீடு. நடுவில் சோக்கோ குரு என்று நான்கு தேக்குத் தூண், அதன்மேல் அடுக்கடுக்காகப் படி ஏறிப் போகும் உத்தரங்கள், எல்லாவற்றுக்கும் மேல் குவிந்த ஓட்டுக் கூரை. ஆணி கிடையாது, துளையும் முளையும்தான். ஓட்டை இறக்கி, முளைகளைத் தட்டி எடுத்து, ஒவ்வொரு மரத்திலும் சுண்ணக்கட்டியால் எழுத்தும் எண்ணும் போட்டு, வரிசை பிசகாமல் அடுக்குகிறார்கள். பாலியில் ஏதோ விடுதிக்குப் போகிறதாம். முந்தின இரவே கெண்டுரி விருந்து நடத்திச் சோறும் அப்பெமும் பங்கிட்டிருந்தார்கள். அப்பெமைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஆப்பம் எந்தக் கப்பலில் ஏறி வந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

வீட்டுக்காரர் ஜகார்த்தாவில் பக்ஸோ என்ற இறைச்சி உருண்டை விற்கிறார். இந்த மாவட்டத்துக்காரர்களில் பாதிப் பேர் அங்கே பக்ஸோ விற்பார்கள், இல்லாவிட்டால் ஜாமு என்ற மூலிகைச் சாறு விற்பார்கள். ஜோக்லோ இருந்த இடத்தில் மாடி வீடு, பளபளக்கும் எஃகுக் கைப்பிடி எல்லாம் வரப்போகிறது. வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டியே கிடக்கும், லெபரான் பெருநாளுக்குத் திறக்கும்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “இப்படி ஒரு வீட்டை விற்க மனம் வருமா, பு?” என்றேன்.

மாமியார் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே சிரித்தார். “வீட்டைத்தானே விற்றான், ந்துக். மண்ணை விற்கவில்லையே.”

புதன், போன்

நான் வந்த காரியம் இன்றைக்கு. சர்க்கார் ஊர் ஊராக வந்து எல்லா நிலத்தையும் ஒரே மூச்சில் அளந்து பதியும் திட்டம் எங்கள் ஊரைத் தொட்டிருக்கிறது. கணவருக்குச் சுரபாயாவில் விடுப்பு கிடைக்காததால் என்னை அனுப்பினார். இந்த நிலத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட முடியாத ஒரே ஆள் நான் என்பது அவருக்கும் தெரியும்.

மாமியார் பெத்தியைத் திறந்தார். நம் பெட்டிதான், சொல்லும் சாமானும். உள்ளே வரிச்சீட்டுகள், துணியில் சுற்றிய ஒரு பழுப்புத் தாள். அந்தத் தாளுக்கு ஆதாரம் கிராம அலுவலகத்தில் லெட்டர் சி என்ற தடித்த நோட்டு. நம்மூர் அடங்கல் மாதிரி: யார் பெயரில் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, யாரிடமிருந்து வந்தது. தலைமுறைகளாக அதுதான் பேச்சு. 2021இல் வந்த அரசு விதி, இப்படிப்பட்ட பழைய தாள்களுக்கு ஐந்து வருஷ அவகாசம் கொடுத்தது. அதற்குமேல் அவை உரிமைக்கு அத்தாட்சி ஆகா, வெறும் குறிப்புதான்.

அளவுக்காரர்கள் வந்தபோது நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களும் மூலைக்கு ஒருவராக நின்றார்கள். எல்லைக்கு அக்கம்பக்கத்தார் ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்கு மூலையில் ஒரு சாண் இழுபறி. பலாமரம் எங்களுடையது, அதன் வேர் யாருடையது? மாமியாரும் கிழக்குப் பக்கத்துக்காரரும் ஜாவா மொழியின் உயர்ந்த க்ரோமோ நடையில், குரல் தணித்து, ஒருவரையொருவர் புகழ்ந்தபடியே சண்டை போட்டார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் கோபம் ஒரு இழைகூட வெளியே தெரியவில்லை. கடைசியில் முளைக்கல் வேருக்கு வெளியே இறங்கியது. பலாவில் முதல் காய் அவர்களுக்கு என்று முடிவு.

இரவு பங்குப் பேச்சு. ஜாவாவின் பழைய கணக்கு, செபிக்குல் செகெண்டொங்கான்: ஆண் காவடித் தடியில் இரண்டு பக்கமும் சுமப்பான், பெண் முதுகுத் தூளியில் ஒன்று சுமப்பாள்; ஆகவே அவனுக்கு இரண்டு பங்கு, அவளுக்கு ஒன்று. மாமியார் அதை ஒதுக்கிவிட்டார். “என்னைச் சுமப்பது அவள்தானே. ரெண்டு பேருக்கும் சமம்.” நாத்தனார் தரையைப் பார்த்தபடி “ங்கிஹ்” என்றார், சரி என்று; அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவரும் அதே சொல்.

தாய்வழி வருவது அவருடைய தனிச்சொத்து. 1974 திருமணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதில் என் கடவுச்சீட்டு குறுக்கே வராது. அவர் சொந்தக் காசில் பக்கத்தில் 300 சதுர மீட்டர் வாங்க ஆசைப்படுவதில்தான் வம்பு. மணவாழ்வில் வாங்கியது இருவர் சொத்து. 1960 நிலச்சட்டப்படி முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். அந்நியர் கைக்குப் பரம்பரை வழியாகவோ மணவழியாகவோ வந்துவிட்டால் ஒரு வருஷத்துக்குள் விட்டுவிட வேண்டும். சொத்தைப் பிரித்து ஒப்பந்தம் எழுதினால் தப்பலாம். அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றிருந்தது. பின்னாலும் எழுதலாம் என்று 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் இன்னும் எழுதவில்லை. கும்பகோணத்திலிருக்கும் என் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. “புருஷன் பெண்டாட்டிக்குள் என்னடி பாகப்பிரிவினை?”

வியாழன், வாகே

லாரி வந்தது. தூண்களும் உத்தரங்களும் போயின. தூண்கள் உட்கார்ந்திருந்த உம்பாக் கற்கள் நான்கும் வெற்றுத் தரையில் நிற்கின்றன. அவற்றுக்கு இன்னொரு நடை வருவார்களாம்.

வெள்ளி, க்ளிவோன்

விடியற்காலையில் மாமியார் எழுப்பினார். நாத்தனார் மகன் எங்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய் காஜா முங்கூர் ஏரிக்கரையில் இறக்கினான். கோடையின் கடைசி, தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, வெடித்த சேறு பரந்து கிடந்தது. சேற்றில் சோளமும் நிலக்கடலையும் போட்டிருக்கிறார்கள். சர்க்கார் நிலம், தண்ணீர் ஏறும்வரை யாரும் உழலாம் என்று பேர். யாருடைய தாத்தாவின் வயல் எது என்று ஊருக்குத் தெரியும், அவரவர் அங்கேயே போய் உழுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் பழைய இடுகாட்டுக் கற்கள் வெளியே வந்திருந்தன. ஒரு குடும்பம் அங்கே பூத் தூவிக்கொண்டிருந்தது.

1970களின் பிற்பாதியில் இந்த ஏரியைத் தேக்கிய அணைக்காக 51 கிராமங்களின் நிலத்தை எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேற்கு சுமத்ராவின் சித்தியுங்குக்குப் போயின. பெடோல் டேசா என்பார்கள்: ஊரை வேரோடு பிடுங்குவது. மாமியாரின் அக்காவும் போனார். இத்தனை வருஷத்தில் இரண்டு முறைதான் வந்து பார்த்திருக்கிறார். மாமியாரின் அப்பா போகவில்லை. நஷ்டஈட்டுப் பணத்தில் மேட்டில் நிலம் வாங்கினார். வீட்டை முளை முளையாகக் கழற்றி மாட்டு வண்டியில் மேலே ஏற்றினார்.

“எந்த வீட்டை?” என்றேன்.

“நீ நேற்று ராத்திரி படுத்த வீட்டை.”

ஒன்பது வருஷமாக அந்தத் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை.

மாமியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். இடுகாட்டைப் பார்த்தார், மலை முகட்டைப் பார்த்தார், நாலடி இடப்பக்கம் நகர்ந்தார். “இங்கே அடுப்படி. அதோ மாடு கட்டும் இடம்.” பிறகு காலால் சேற்றைத் துழாவினார்.

“உம்பாக் கல் நாலும் இங்கேதான் கிடக்க வேண்டும். வண்டியில் இடமில்லை என்று அப்பா விட்டுவிட்டார். மேலே போய் வேறு கல் செதுக்கினார்.”

நானும் துழாவினேன். கடலைக்கொடிதான் காலில் சிக்கியது. கொடிக்குச் சொந்தக்காரர் வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் குனிந்து, நிமிர்ந்து, க்ரோமோவில் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டார். அவர் ஒரு பிடி கடலையைப் பிடுங்கி உதறி எங்களிடம் நீட்டினார்.