பொலிவியா: முன்னால் நிற்கும் பழங்காலம்

எல் ஆல்டோ விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தேன். பதினோராவது அடிக்குக் கால் இருந்தது, மூச்சு இல்லை. அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகில் வண்ணத் துணி மூட்டையும் தலையில் வட்டத் தொப்பியுமாக என் அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் விறுவிறுவென்று கடந்து போனார். மூட்டைக்குள் குழந்தை இருந்தது.

கடல் மட்டத்திலிருந்து 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த விமான நிலையம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். லடாக்கின் லே நகரமே இதைவிட 500 மீட்டருக்கு மேல் தாழ்வு. நேராக இங்கே வந்து இறங்கியது என் தவறு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். முதலில் கீழ்த்திசைச் சமவெளியில் இருக்கும் சான்டா க்ரூஸில் இறங்குங்கள்; உயரம் 400 மீட்டர் அளவுதான். அங்கிருந்து கோச்சபம்பா, சூக்ரே என்று படிப்படியாக ஏறி, கடைசியில் லா பாஸ் வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். உயர நோய்க்கு இங்கே 'சொரோச்சே' என்று பெயர். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். இருதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புறப்படக்கூடாது. முதல் இரண்டு நாள் மதுவைத் தொடாதீர்கள், அரை வயிற்றுக்குச் சாப்பிடுங்கள், மெதுவாக நடங்கள்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகவோ பிரேசிலின் சாவ் பாலோ வழியாகவோ போகலாம். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும். இதைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொண்டு சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து, ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. பயணத்தின் கடைசி ஆறு நாளை அப்படிக் கழிக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

பொலிவியாவின் பரப்பு இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு. 2024 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையோ சுமார் 1 கோடியே 13 லட்சம்தான். அரசியல் சட்டப்படி தலைநகர் சூக்ரே, ஆட்சி நடப்பது லா பாஸில். கடல் இல்லாத நாடு, ஆனால் கடற்படை உண்டு! 1879-ல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையைப் பறிகொடுத்தது பொலிவியா. டிடிகாகா ஏரியில் படகு ஓட்டிக்கொண்டு காத்திருக்கிறது கடற்படை. கடல் வழி குறித்துப் பேச்சுவார்த்தை நடத்தும் கட்டாயம் சிலிக்கு இல்லை என்று 2018-ல் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் மார்ச் 23-ல் 'கடல் தினம்' கொண்டாடுவதை அதற்காக யாரும் விட்டுவிடவில்லை.

லா பாஸ் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. பணக்காரர்கள் கதகதப்பான அடிவாரத்தில். ஏழைகள் மேலே, குளிர் வீசும் எல் ஆல்டோவில். உயர்ந்த இடத்தில் உயர்ந்தவர்கள் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழ். 2014 முதல் இரண்டையும் இணைக்கிறது கேபிள் கார். சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை, எல் ஆல்டோ வீட்டு வேலைக்காரிக்கு அதுதான் டவுன் பஸ். வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையும் அணிந்த பழங்குடிப் பெண்களை 'சோலிதா' என்கிறார்கள். 1952 புரட்சிக்கு முன் முரில்லோ சதுக்கத்தில் பழங்குடியினர் காலாற நடக்கக்கூட முடியாது. இன்று அங்கே புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு சோலிதாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்த ஒரு வெள்ளைக்காரர் மீது ஆரஞ்சுத் தோல் பறந்ததைப் பார்த்தேன்.

அந்தச் சதுக்கத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தை 2014-ல் இடப்பக்கமாகச் சுற்றும்படி மாற்றினார்கள். தெற்கு அரைக்கோளத்தில் சூரிய நிழல் அப்படித்தான் நகரும், எங்கள் காலத்தை நாங்கள் அளந்துகொள்கிறோம் என்பது அன்றைய அரசின் விளக்கம். சிரித்தவர்கள் உண்டு. அய்மாரா மொழி கொஞ்சம் தெரிந்தால் சிரிப்பு வராது. அய்மாராவில் 'நைரா' என்றால் கண், முன்புறம், கடந்த காலம். 'கிபா' என்றால் முதுகுப்புறம், எதிர்காலம். நடந்தது தெரியும், எனவே கண்முன் இருக்கிறது. நடக்கப் போவது தெரியாது, எனவே முதுகுக்குப் பின்னால். எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது முதியவர்கள் கையைத் தோளுக்குப் பின்னால் காட்டுவதை 2006-ல் நூன்யெஸ், ஸ்வீட்சர் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்து உலகத்தை வியக்க வைத்தார்கள். தமிழனுக்கு என்ன வியப்பு? நமக்கும் முன்னோர் என்றால் போனவர்கள், பின்னாளில் என்றால் இனிமேல். ஆனால் 'எதிர்காலம்' என்று எதிரே வரும் காலத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் பார்க்கிற ஜாதி நாம்.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. வேர்ச்சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழிகள் அய்மாராவும் கெச்சுவாவும். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேறு, விலக்கும் 'நாங்கள்' வேறு. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். உறவெல்லாம் இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மொழிகளையும் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர்களில் ஏசு சபைப் பாதிரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்தோனியோவின் அய்மாரா அகராதி 1612-ல் அச்சானது, ப்ரோயென்சாவின் தமிழ் - போர்த்துகீசிய அகராதி 1679-ல். 2009 அரசியல் சட்டம் ஸ்பானிஷுடன் 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழியாக்கியிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் அநேகமாக எங்கும் செல்லாது. ஐம்பது ஸ்பானிஷ் சொற்களையாவது படித்துவிட்டுப் போங்கள்.

சந்தையில் பேச இரண்டு சொல் போதும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் 'கசேரிதா' என்பார்கள், நம் வாடிக்கை மாதிரி. வாங்கி முடித்ததும் 'யாபா' என்று கையை நீட்டலாம். யாபா என்றால் கொசுறு. எனக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை கொசுறாகக் கிடைத்தது. நிலக்கடலையின் பூர்வீகமே தெற்கு பொலிவியாவும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவும்தான். தென்னாற்காட்டுப் பக்கம் 'மல்லாட்டை' என்கிறோமே, அது மணிலாக் கொட்டை. அங்கிருந்து எத்தனை ஊர் சுற்றி வந்திருக்கிறது!

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான வகை உருளைக்கிழங்கு, சோளம், கீன்வா, பாலாடைக்கட்டி இருக்கின்றன. கடலை சூப் பிரமாதம், ஆனால் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். உறைபனியில் போட்டு, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்த கிழங்கு வற்றலின் பெயர் 'சுன்யோ'. வருஷக்கணக்கில் கெடாது. ருசி பற்றி மரியாதை கருதி எதுவும் சொல்லவில்லை.

உயூனி உப்புப் பாலைவனத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை. மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை தண்ணீர் தேங்கி வானத்தைக் காட்டும். மே முதல் அக்டோபர் வரை காய்ந்திருக்கும், இரவுக் குளிர் எலும்பில் இறங்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

என்னை அலைக்கழித்தது உயூனி அல்ல, பொதோசி. 1545-ல் இங்குள்ள மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அன்றைய பெருநகரங்களில் ஒன்று. 1570-களில் 'மிதா' என்ற கட்டாய உழைப்பு முறையைக் கொண்டுவந்து கிராமம் கிராமமாக ஆண்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பியது ஸ்பெயின். அமெரிக்கக் கண்டத்து வெள்ளி ஐரோப்பிய வணிகர்கள் கைமாறி இந்தியாவுக்கும் வந்தது. மொகலாயர்களின் ரூபாய் நாணயங்களில் அது இருந்தது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு விலையாகவும் வந்தது.

வெள்ளி அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஈயமும் துத்தநாகமும் தகரமும் தேடி இன்றும் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்கள் மலையைக் குடைகிறார்கள். உச்சி சரிகிறது, 2014-ல் யுனெஸ்கோ இந்நகரை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சுரங்கத்துக்குள் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். போகலாமா? தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் சாகிறவர்களைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதா என்று ஓர் இரவு யோசித்தேன். காலையில் போனேன். வழக்கப்படி தொழிலாளர்களுக்குக் கோக்கா இலையும் குளிர்பானமும் வாங்கிச் சென்றேன். உள்ளே கொம்பு வைத்த 'தியோ' சிலை. வாசலுக்கு வெளியே ஏசு, உள்ளே பாதாளத்தின் சொந்தக்காரரான தியோ. அவர் வாயில் சிகரெட்.

ஒரு முதிய தொழிலாளி கெச்சுவாவில் ஏதோ சொன்னார். வழிகாட்டி ஸ்பானிஷில் மொழிபெயர்த்தார்: "இந்த மலை 80 லட்சம் பேரைத் தின்றது." எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் எண் இது, வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துச் சொல்ல கெச்சுவாவில் வழி உண்டு, நம் 'தின்றதாம்' மாதிரி. ஸ்பானிஷில் அது விழுந்துவிடும். எனக்கோ தொழில் புத்தி. "கேட்டதாகச் சொன்னாரா, கண்டதாகச் சொன்னாரா?" என்றேன். வழிகாட்டி அவரிடம் திரும்பிக் கேட்டார். கிழவர் யோசித்தார். "80 லட்சம் பேர் கேட்டது. என் தம்பியும் மூத்த மகனும் கண்டது."

வெளியே வந்து வெகு நேரம் நான் பேசவில்லை. போவதா வேண்டாமா என்று கேட்டால் இன்றும் என்னிடம் பதில் இல்லை. போகிறவர்கள் படம் எடுக்காமலாவது இருக்கலாம்.

நாள் கணக்கைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். கோரிக்கை எதுவானாலும் சாலையில் கல்லைப் போட்டு மறிப்பது இங்கே வழக்கம். அய்மாரா இனத்தவரான ஈவோ மொராலெஸ் 2006 முதல் 2019 வரை ஆண்டார், அவர் வளர்ந்ததும் இந்தப் போராட்டங்களில்தான். 2025 நவம்பரில் ரொட்ரிகோ பாஸ் ஜனாதிபதியானார். மறியல் நடக்கும் இடத்தில் பஸ் நின்றுவிட்டால், இறங்கி நடந்து அடுத்த பக்கத்து வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

புறப்படும் நாளில் விடுதிக்கார அம்மாள் ஒரு பை கோக்கா இலையை என் கையில் திணித்தார். வந்த அன்று என் தலைவலிக்கு டீ போட்டுத் தந்தவர். பொலிவியாவில் கோக்கா புனிதம்; மெல்லும் உரிமைக்காகவே ஐ.நா. ஒப்பந்தத்திலிருந்து விலகி, விதிவிலக்கோடு 2013-ல் மறுபடி சேர்ந்த நாடு. இந்தியாவிலோ 1985 போதைப்பொருள் சட்டப்படி அந்த இலையைக் கொண்டுவருவதே குற்றம். டீத்தூள் பொட்டலமும் கூடாது. இதை எந்த ஸ்பானிஷில் சொல்வது? வாங்கிக்கொண்டேன். எல் ஆல்டோ ஏறும் வழியில் டாக்ஸிக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து ஜன்னல் வழியே பூமித் தாய்க்குப் போட்டுவிட்டு, மிச்சத்தில் கொஞ்சத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கியரை மாற்றினார்.